கோழிகளுக்காகக் கட்டிய குளியலறை

"அத்தாயி, வயது நாற்பத்திரண்டு. விழிப்புணர்வு இல்லாதவர். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஒத்துழைக்க மறுத்தார்." சுகாதாரத் துறையின் பதிவு இது.

அதே நோய்க்குத் தன் அக்காள் கந்தம்மாளைப் பறிகொடுத்தவள் அத்தாயி. கடைசி மாதங்களில் அக்காளின் துணிகளை அலசிப் போட்டவளும் அவள்தான். அவளுக்குத்தான் விழிப்புணர்வு இல்லையாம்.

ஒத்துழைக்க மறுத்த கதையும் கேட்கத் தக்கது. பள்ளிக்கூட வகுப்பறையில் முகாம். மறைப்புக்கு ஒரு பழஞ்சேலை. அதுவும் முழங்காலுக்கு மேலே நின்றுவிட்டது. வரிசையில் முதலில் நின்ற அத்தாயி அதிகாரியிடம், "இதுக்குப் பின்னால மொதல்ல உங்கூட்டுப் பொம்பளைங்களப் படுக்க வைங்க. நான் அப்பறம் வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மறு வருஷம், பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் குச்சிகள் வந்தன. ஆனால் நாமக்கல் பக்கம் அத்தாயி வேலை செய்யும் தாய்க்கோழிப் பண்ணையில் பெண்கள் வேலை முடிந்து வெளியே வரும்போது ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும். எனவே செவிலியர் மலர்விழி காலையிலேயே பண்ணை வாசலுக்கு வந்தாள். மேலாளர் தனபால் மறித்தார். வெளியாள் வந்தால் கோழிக்குச் சீக்கு வருமாம். கோழிக்கு நோய் வரக் கூடாது என்பதில் மட்டும் அங்கே எல்லோருக்கும் நல்ல விழிப்புணர்வு.

"ஏனுங்க சார், போன வாரம் கோழிக்குக் குச்சி உட்டுப் பாக்க டாக்டரு செட்டுக்கே வந்தாருங்களே?" என்று அத்தாயி கேட்டாள்.

"கோழி செத்தா நட்டமுங்க அக்கா."

"நாங்க செத்தா?"

"காலங்காத்தால எதுக்குங்க அக்கா அந்தப் பேச்சு? போய்க் குளிங்க, நேரமாச்சு."

செட்டு என்னும் கோழிக் கொட்டகைக்குள் போகும் யாராக இருந்தாலும் வாசலில் உள்ள குளியலறையில் குளித்து, மாற்றுடை உடுத்தித்தான் போக வேண்டும். நல்ல தாழ்ப்பாள், வெளிச்சம், ஓடும் தண்ணீர் எல்லாம் உண்டு. ஊர்ப் பெண்களுக்கு அரசாங்கம் தராத மறைவைக் கோழிகளுக்காகப் பண்ணை கட்டி வைத்திருந்தது.

அத்தாயி அந்தக் குளியலறைக் கதவைப் பார்த்தாள். பிறகு வெளியே நின்ற மலர்விழியிடம் பண்ணை வாசலின் கம்பிக் கதவு இடுக்கில் கை நீட்டினாள். "குடு சாமி அந்தக் குச்சிய."

உள்ளே சுழற்ற வேண்டிய விதத்தை மலர்விழி வெளியில் நின்றபடியே சொல்லிக் கொடுத்தாள்.

"குளிக்க இத்தன நேரமாங்க அக்கா?" என்று தனபால் கத்தினார்.

"சுத்தமா வரோணும்னு நீங்கதானுங்களே சட்டம் போட்டீங்க!"

அன்று அத்தாயி தன் மாதிரியைத் தானே எடுத்து மலர்விழியிடம் கொடுத்தாள். மற்றப் பெண்கள் எல்லோரும் எடுத்து முடிக்கும்வரை குளியலறை வாசலை விட்டு நகரவில்லை.