ஊசி குத்தும் அக்கா

கருப்பையில் வளர்ந்த பாலிப் சதையை எடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை, மறுபடியும் ரத்தப்போக்கு. புற்றோ என்று பயந்துகொண்டே, சோதனை முடிவு கேட்க ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்தில் ரோஸ் முக்காட்டில் ஒரு முஸ்லிம் அக்கா. நம்பர் கூப்பிடும்போதெல்லாம் முக்காட்டு ஊசியைக் கழற்றி, மறுபடி முக்காட்டில் குத்திக்கொள்வார்.

“வீட்டுல முருகன் விளக்கைக்கூடத் தொட முடியலக்கா” என்று அழுதுவிட்டேன்.

“எனக்கும் திரும்ப வந்திருச்சு லா, துரத்துன பூனை மாதிரி. இது மாதவிடாய் இல்ல தங்கச்சி, நோவு. நாங்க சுத்தம் பண்ணிட்டுத் தொழுவோம். நோவாளிய உங்க முருகன் வராதேன்னா சொல்வாரு?”

பாலிப்தான் திரும்ப முளைத்திருக்கிறது, புற்று இல்லை என்றார் டாக்டர். சொல்ல ஓடிவந்தேன், அக்கா உள்ளே போய்விட்டார்.

அன்று சாயந்தரம் குளித்து விளக்கேற்றினேன். அவருக்காகவும் வேண்டினேன். பெயர் தெரியாது. “அந்த ஊசி குத்தும் அக்கா, முருகா” என்றேன்.