சட்டைப்பெட்டியில் பன்னிரண்டு பூச்சிகள்

ஒன்பதாம் வகுப்பில் உயிரியல் டீச்சர் பன்னிரண்டு பூச்சிகளைப் பிடித்து, அட்டையில் குத்தி, கீழே பெயர் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். பிடிப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கிற ஊரில் பூச்சிக்கா பஞ்சம்? பெயர்தான் உதைத்தது. அப்பாவைக் கேட்டால் பன்னிரண்டுக்கும் “பூச்சி” என்றார். அம்மா, “சீ, தூரப் போடு” என்றாள். கரப்பான்பூச்சியைக் கண்டாலே கட்டிலில் ஏறிவிடுகிறவள் அவள்.

அப்பாவுக்கு அப்போது பூச்சி பார்க்க நேரமில்லை. சிங்கப்பூருக்குப் போகப் போகிறார். சித்தப்பா ஏற்கெனவே அங்கே கட்டட வேலையில் இருந்தார். தெற்குத்தெரு மாமா எங்கள் வயலை நின்ற பயிரோடு குத்தகைக்கு எடுத்துக்கொண்டு முன்பணம் கொடுத்தால், அதை ஏஜென்ட்டிடம் கட்டிவிட்டு அப்பா விமானம் ஏறிவிடலாம். பாஸ்போர்ட் போட்டோவுக்கென்று புதுச்சட்டைகூட வாங்கியாகிவிட்டது. அந்தச் சட்டை வந்த அட்டைப்பெட்டியில்தான் என் பூச்சிகள் குடியிருந்தன. கலர் டிவி, நாலு நிறத்தில் எழுதும் பேனா என்று நான் ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். விசா நல்லபடியாக வரத்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

எங்கள் பக்கத்தில் பயிரில் பூச்சி விழுந்தால் அதைத் தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் பார்த்து, அது இன்னது, அதற்கு இன்ன மருந்து அடிக்கவேண்டும் என்று சொல்லிவிடுவார். நானும் பள்ளிக்கூடம் விட்டதும் பெட்டியோடு அங்கே போய் நின்றேன். பள்ளிக்கூட வேலை என்றால் விரட்டிவிடுவாரோ என்று பயந்து, “அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாங்க” என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இது குருத்துப்பூச்சி. இது புகையான், பயிரையே காய வச்சிடும். இது கதிர்நாவாய்ப்பூச்சி, நாத்தம் தாங்காது. ஏம்மா, இவ்வளவுமா உங்க வயல்ல கெடக்கு?”

“ஆமாங்க, இன்னும்கூட இருக்குங்க” என்றேன் பெருமையாக.

கடை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த தெற்குத்தெரு மாமா டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பெயர்களை எழுதிக்கொள்கிற அவசரத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் எங்கள் வரப்பில் குத்தவைத்துப் பயிரை விலக்கி விலக்கிப் பார்த்தாராம். தேடிப்போனால் எந்த வயலில்தான் நாலு பூச்சி கிடைக்காது? அவருக்கும் கிடைத்தது. நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மச்சான். இந்த வருசம் எனக்கு வேணாம்.”

“நேத்துவரைக்கும் சரின்னுதான சொன்னீங்க?”

“ஒங்க பொண்ணே பெட்டி நெறைய எடுத்துட்டு வந்து கடையில காட்டுச்சே, கேட்டுப் பாருங்க.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. வேறு யாராவது குத்தகைக்கு வருவார்களா என்று விசாரிக்க சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏஜென்ட் கொடுத்த கெடுவுக்கு நாலே நாள்தான் இருந்தது. என் வாயால் அப்பாவின் பயணம் கெட்டுப்போகிறதே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று செருப்பைத் தேடினேன். அம்மா கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“எங்கதான்டி புடிச்ச அதையெல்லாம்?”

“நம்ம வயல்ல தும்பியும் பொறிவண்டும்தாம்மா. மத்தது மாட்டுக்கொட்டாய், வாய்க்காக்கரை. புகையானும் குருத்துப்பூச்சியும்…”

“ம், சொல்லு.”

“மாமா வயல்லதாம்மா. பள்ளிக்கூடம் போற வழியில.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத மாமாகிட்டயும் சொல்லாத, அப்பாகிட்டயும் சொல்லாத” என்றாள்.

பொய் சொன்னால் தொடையில் கிள்ளுகிற அம்மாவா இது? ஒன்றும் விளங்காமல் நின்றேன்.

சேதி எங்களுக்கு முன்னால் ஊர் முழுக்கப் போயிருந்தது. யாரும் வயலை எடுக்க வரவில்லை. கெடு முடிந்த அன்று அப்பா பாஸ்போர்ட்டைப் பிரித்துத் தன் போட்டோவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் பக்கத்தில் போகவே பயமாக இருந்தது. அம்மா என்னவோ, திருநாள் வந்ததுபோல விறால் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அந்தச் சனிக்கிழமை இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அடுத்த தடவையாவது பயணம் கைகூடட்டும் என்றுதான் இரண்டு என்று நான் கணக்குப் போட்டேன். அப்பா பிறகு சிங்கப்பூருக்குப் போகவே இல்லை.

டீச்சர் ‘மிக நன்று’ என்று எழுதிக் கொடுத்த பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போடப்போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவையை நகர்த்தி இடம் பண்ணி, பன்னிரண்டு செத்த பூச்சிகளையும் அதன் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். பூச்சி அரிக்காமலிருக்கப் பெட்டிக்குள் நான் அந்துருண்டை போட்டிருந்தேன். அது புடவைக்கும் ஆகுமே என்றுதான் வைத்துக்கொள்கிறாள் என்று முடிவுகட்டி, மறுவாரம் கடையில் இன்னும் இரண்டு அந்துருண்டை வாங்கிவந்து அவளிடம் கொடுத்தேன்.