சர்க்கரையைப் பின்னுகிறவர்

"அம்சா, எவ்ளோ?"

காலை ஆறே முக்காலுக்குப் புவனேஸ்வரனின் குரல் கூடத்திலிருந்து சமையலறைக்கு வந்துவிடும். மடியில் கம்பளிப் பின்னல், வலது கையில் கொக்கி ஊசி, காலடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நூல் உருண்டைகள். மனைவியின் வெறும் வயிற்றுச் சர்க்கரை அந்த ஊர் மீட்டர் கணக்கில் ஏழுக்குக் கீழே இருந்தால் பச்சையில் ஒரு வரி. பத்து வரைக்கும் மஞ்சள். அதற்கு மேலே போனால் சிவப்பு. உலகத்தில் எந்தப் புருஷனாவது பெண்டாட்டியின் ரத்தத்தைப் போர்வையாகப் பின்னுவானா? சுங்கை பட்டாணியின் பாக்கார் ஆராங்கில் ஒருத்தர் பின்னுகிறார். அவரைக் கட்டிக்கொண்டு அம்சவள்ளி முப்பத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

புவனேஸ்வரன் கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். ஓய்வு பெற்றதும் அவர் கூட்டாளிகள் கோயில் கமிட்டிக்குப் போனார்கள், இல்லாவிட்டால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கோத்தா கோலா மூடாவுக்குப் போனார்கள். இவர் யூடியூபைப் பார்த்துக் குரோஷே கற்றுக்கொண்டார். சரி, ஒரு மேசை விரிப்பு, ஒரு பூக்கூடை என்று போட்டிருந்தால் அம்சவள்ளி வாயைத் திறந்திருக்க மாட்டாள். முதலில் வந்தது தலையணை அளவில் ஒரு பகடைக்காய், இருபது முகம். அடுத்து, பழைய கணினி விளையாட்டுகளில் மேலேயிருந்து வரிசையாக இறங்கி வருமே, அந்த வேற்றுக்கிரக ஜந்துக்கள். பதினோரு ஜந்துக்கள் பிரிட்ஜின் மேல் நின்று அவள் சமைப்பதை முறைத்துக்கொண்டிருக்கின்றன.

பிறகு வாசலுக்கு ஒரு தோரணம், கறுப்புக் கட்டமும் வெள்ளைக் கட்டமுமாக. "கம்ப்யூட்டர் பாஷையில வணக்கம்னு எழுதியிருக்கு லா. கறுப்பு ஒண்ணு, வெள்ளை சைபர்." அதைப் படித்தவர் இன்றுவரை யாருமில்லை. எதிர்வீட்டு மனோகரன் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தணிந்த குரலில், "எப்பண்ணே? யாரு?" என்று துக்கம் விசாரித்தார்.

சோபா விரிப்பு இன்னும் மோசம். வேதியியல் அட்டவணையிலிருக்கும் நூற்றுப் பதினெட்டுத் தனிமங்களுக்கும் தலா ஒரு சதுரம். வந்தவர்களை நிம்மதியாக உட்கார விடமாட்டார். அம்சவள்ளியின் அக்கா திலகா போன தீபாவளிக்கு வந்து உட்கார்ந்ததும், "அக்கா, உங்களுக்கு ஆர்செனிக் வந்திருக்கு. விஷம்தான், பரவால்ல, உக்காருங்க" என்றார். அக்கா கையிலெடுத்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

போர்வையும் இப்படி ஒரு கிறுக்கில் ஆரம்பித்ததுதான். வெளிநாட்டில் தினசரி வெப்பநிலையை நாளுக்கு ஒரு வரியாக, நிறம் மாற்றி மாற்றிப் பின்னுகிறார்களாம். இவரும் தொடங்கினார். சுங்கை பட்டாணியில் வெயில் என்றைக்கு மாறியது? மூன்று மாதமும் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. இரண்டு முழத்துக்கு ஆரஞ்சைத் தவிர வேறு நிறமில்லை. "இதுல டேட்டாவே இல்ல" என்று சலித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தவரின் கண் சமையலறை அலமாரியிலிருந்த சர்க்கரை மீட்டரில் போய் விழுந்தது. அன்றைக்குப் பிடித்தது அம்சவள்ளிக்குச் சனி.

ஜனவரி ஒன்றில் ஆரம்பம். மாதம் முழுக்கச் சிவப்பு. அதை மடித்து உள்ளே வைத்தாலாவது பரவாயில்லை, கூடத்து நாற்காலியின் முதுகில் போட்டுவிடுவார். சமையல் கேஸ் தோம்பு கொண்டுவருகிற ஆளுக்குக்கூட விளக்கம் உண்டு: "இந்தச் செவப்பு பொங்கல். இது மச்சான் வீட்டு பெர்த்டே, கேக்கு ரெண்டு துண்டு." அம்சவள்ளிக்கு உடம்பெல்லாம் கூசும்.

"ஏங்க, என் மானத்த ஏன் இப்படி நாக்காலியில தொங்கவிடுறீங்க?"

"மானம் இல்லம்மா, டேட்டா. கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா தானா கொறையும்."

இத்தனைக்கும் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தால் மனுஷனுக்குத் தலை சுற்றிவிடும். அதனால் அவள் சமையலறையில் விரலைக் குத்தி எண்ணைச் சொல்வாள், அவர் கூடத்திலிருந்தபடி பின்னுவார்.

தைப்பூசத்துக்கு மறுநாள் மீட்டர் பதின்மூன்று புள்ளி ஒன்று என்றது. தண்ணீர்ப் பந்தலில் மூன்று கிளாஸ் இனிப்புச் சிராப் குடித்தால் சும்மா விடுமா? அன்றைக்கென்று திலகா அக்கா வேறு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது; புதுச் சிவப்புக்கு அவளிடமும் விளக்கம் நடக்கும். "எவ்ளோ?" என்று குரல் வந்தது. "ஆறு புள்ளி நாலு" என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

புவனேஸ்வரன் எழுந்து உள்ளே வந்தார். தன் கையால் கோப்பி கலக்கி, சீனி போடாமல் அவளிடம் நீட்டினார். முப்பத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உண்மையை எங்கே சொல்வது? மறுநாளும் ஆறு என்றாள். அப்புறம் ஆறும் ஆறரையும்தான், நம்புகிற மாதிரி எப்போதாவது ஒரு ஆறு புள்ளி ஒன்பது. போர்வை பச்சைப் பசேலென்று நீண்டது. பொய் சொல்கிற எரிச்சலையும் அவள் அவர்மேல்தான் கொட்டினாள். செய்வது தப்பு என்று நன்றாகத் தெரிந்தது, நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

மே மாதக் கடைசியில் கிளினிக். மூன்று மாதத்துச் சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனையின் முடிவு அன்றைக்கு. குறைந்திருந்தால் மாத்திரையே போதும், இல்லாவிட்டால் இன்சுலின் ஊசி என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தார்கள். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொள்ள, அவர் போர்வையைச் சுருட்டிக் காடியின் பின்சீட்டில் வைத்தார். "டாக்டருக்குக் காட்டணும் லா."

டாக்டர் தேவகி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் போர்வை விரிந்தது. காகிதக் கட்டு, பேனா, கைகழுவும் மருந்து எல்லாம் பச்சைக்கு அடியில் போய்விட்டன. "எண்ணிப் பாருங்க டாக்டர். நூத்தி அஞ்சு நாள். ஒரு செவப்பு இல்ல." அம்சவள்ளிக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

டாக்டர் பின்னலைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "அங்கிள், மூணு மாச ரிப்போர்ட்ல பத்து புள்ளி எட்டு பர்சென்ட் காட்டுது. போன தடவைய விட ஜாஸ்தி. மார்ச்ல நர்ஸ் மிஸ்ஸி போன் போட்டப்ப, வீட்ல ரீடிங் நல்லா இருக்குன்னு நீங்க சொன்னதாலதான் மருந்த கூட்டாம விட்டோம். இந்த நம்பரெல்லாம் யாரு எடுத்தது?"

புவனேஸ்வரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற இயந்திரத்தில் எந்தத் திருகாணி கழன்றிருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கிறவர். அவருக்குப் புரிய நேரமாகவில்லை.

"என் தப்புதான் டாக்டர்" என்றார். "நெறத்த மாத்திப் போட்டுட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல."

அரைப் புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன் இப்படிச் சொன்னதும் அம்சவள்ளி ஜிப்பிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்.

வெளியே மருந்துக்கு நம்பர் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பேசாத புவனேஸ்வரனோடு உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை.

"ஏங்க, திட்டுறதுனா திட்டித் தொலைங்களேன். இப்படி உக்காராதீங்க."

அவர் போர்வையை மடியில் பரப்பினார். "எந்த நாள்ல இருந்து?"

"தைப்பூசத்துக்கு மறுநாள்."

"எல்லாமேவா?"

"எல்லாந்தான். அன்னிக்குப் பதிமூணு. பயந்துட்டேங்க."

அவர் ஓரத்தில் நூலின் நுனியைத் தேடி, முடிச்சை அவிழ்த்து இழுத்தார். நேற்றைய வரி ஒரே இழுப்பில் போயிற்று. பிறகு முந்தாநாள். பச்சை நூல் சுருண்டு சுருண்டு தரையில் விழ, பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மாள் காலை ஒதுக்கிக்கொண்டாள். ஏப்ரல் வரைக்கும் வந்தபோது சிக்கு விழுந்தது. அவர் கை நின்றது. அம்சவள்ளி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். அவர் குனிந்து நூலை அள்ளி, சிக்கைப் பிரித்து, அவள் மணிக்கட்டுகளில் சுற்ற ஆரம்பித்தார்.