ஹேமலதா மாட்டிய கிராஃப்ட் போர்டு

மாதனூர் ஹேமலதாவுக்கு ஷூ கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து 'ஆபரேட்டர்' என்றுதான் பெயர். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது அவள் வேலை. புது மாடல் வந்தால் முதல் ஜோடியை அவளிடம்தான் கொடுப்பார்கள்; எவ்வளவு வளைவு இருந்தாலும் அவள் தையல் கோணாது. ஆனால் அந்த வார்த்தை மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"லிஃப்ட்டுக்கும் ஆபரேட்டர், போர்வெல்லுக்கும் ஆபரேட்டர், எனக்குமா?" என்று கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு நசீமுன்னிசாவிடம் அலுத்துக்கொள்வாள்.

நசீமுன்னிசா தோலின் ஓரத்தைச் சீவி மெலிசாக்குகிறவள். போன வருஷம் இருவரும் வேலையை விட்டுவிட்டு ஆம்பூர் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் சொந்தக் கடை போட்டார்கள். பர்ஸ், பெல்ட், கைப்பை. பெயர் வைக்க ஹேமலதாதான் முந்திக்கொண்டாள். கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிகளில் 'கிராஃப்ட்' என்று அச்சடித்திருக்கும். கைத்திறமை என்று அர்த்தம் சொல்லியிருந்தார்கள். 'ஹேமா நசீமா கிராஃப்ட்' என்று பெரிய இங்கிலீஷ் எழுத்தில் போர்டு மாட்டினாள்.

கடை திறந்ததும் வந்தது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அம்மா.

"அக்கா, பளபளா பேப்பர் கலருக்கு ஒண்ணு, ஐஸ் குச்சி ஒரு கட்டு குடுங்க."

"இங்க தோல் சாமான்தாம்மா."

"அப்போ எதுக்கு கிராஃப்ட்னு போட்டிருக்கீங்க?"

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். ஒருத்தர் சார்ட் கேட்டார், ஒருத்தர் தெர்மாகோல். தோல் வாங்க வந்த ஒரு ஜெர்மன்காரர் போர்டைப் படித்துவிட்டு, பயில்வான் மாதிரி கையை மடக்கிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார். காலேஜ் பையன் ஒருவன் போனில் தேடி, "இந்த வார்த்தையில இருந்து வர்ற 'கிராஃப்டி'ன்னா தந்திரக்காரன்னு போட்டிருக்கு" என்றான். அதுதான் ஹேமலதாவுக்குச் சுருக்கென்றது.

"ஒரே பேஜாரா இருக்கு ஹேமா. போர்டைக் கழட்டிடலாமா?" என்றாள் நசீமுன்னிசா.

அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கும் ஜாஸ்மின், அறுந்துபோன கைப்பைப் பிடியைத் தைக்க அன்று வந்திருந்தாள். ஹேமலதா அவளையே பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், என் போர்டு இன்னாதான் சொல்லுது?"

ஜாஸ்மின் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ரொம்பப் பழைய காலத்துல அதுக்கு பலம்னுதான் அர்த்தம். ஜெர்மன்காரங்க இன்னிக்கும் அப்படியே வெச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல அது மெதுவா கைத்திறமை ஆச்சு. திறமை ஜாஸ்தியானா ஊர் சந்தேகப்படும் இல்லையா? தந்திரம்ங்கிற அர்த்தம் அப்படி ஒட்டிக்கிச்சு. கப்பல், படகுக்குக்கூட அந்தப் பேர் உண்டு. அது ஏன்னு திட்டமா யாரும் சொல்லல. நம்ம ஸ்கூல்ல அது பளபளா பேப்பர் ஆயிடுச்சு, அவ்வளவுதான்."

ஹேமலதா ஊசியைக் கீழே வைத்தாள். அவள் முகம் தெளிந்துவிட்டது.

"அப்போ பலமும் நம்ம கிட்ட இருக்கு, திறமையும் இருக்கு."

"தந்திரம்?" என்றாள் நசீமுன்னிசா.

"வியாபாரத்துக்கு அதுவும் கொஞ்சம் வேணும். இனிமே பேப்பர் கேட்டு வர்றவங்களைத் திருப்பி அனுப்பாதே."

வெட்டிப்போட்ட கலர் தோல் துண்டுகளைப் பொறுக்கி, ஓரத்தில் துளை போட்டு, நூலும் மொண்ணை ஊசியும் வைத்துச் சின்னச் சின்ன பாக்கெட்டாகக் கட்டினார்கள். பேப்பர் கேட்டு வந்த அம்மாக்கள் அதை வாங்கிப் போனார்கள். பிள்ளைகள் தோலில் மீன் தைத்தார்கள், ஆந்தை தைத்தார்கள். பள்ளிக்கூடக் கண்காட்சியில் அவற்றைச் சுற்றித்தான் கூட்டம். ஜாஸ்மின் தலைமை ஆசிரியையிடம் பேசி, சனிக்கிழமை வகுப்புக்கு ஹேமலதாவைக் கூப்பிட்டாள்.

முதல் வகுப்பில் ஹேமலதா பேச்சில் தொடங்கவில்லை. நேராக ஊசியில் நூல் கோத்துக் காட்டினாள். பர்ஸ் தைக்கச் சொல்லிவிட்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி நாலு பக்கமும் தைத்து முடித்திருந்தாள்.

"வாயையும் தைச்சிட்டியேம்மா. எப்படித் திறப்ப?"

"திறக்கக் கூடாது மிஸ். உள்ள சாக்லேட் இருக்கு. தம்பி எடுத்துடுவான்."

ஹேமலதாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி முடிச்சை எப்படி இறுக்குவது என்று காட்டிக்கொடுத்தாள்.