சுரண்டாத ஆற்றங்கரை

1979 ஜூன், வெள்ளிக்கிழமை. உடப்புசல்லாவையில் பஸ் ஏறும்போது எங்கள் பக்கத்து வழக்கப்படி காய்ந்த காற்று அடித்துக்கொண்டிருந்தது. நுவரெலியாவில் தூறல். அங்கிருந்து ஐந்து மைல் வேனில் இறங்கி நானுஓயா ஸ்டேஷனுக்கு வந்தபோது குடைக்கு அடங்காத மழை. நான் பள்ளிக்கூட வாத்தியார். லீவு போட்டுவிட்டுக் கிளம்பிய காரணம் ஒன்றுதான். ஹட்டன் டவுன் ஓரம் ஆற்றங்கரையில், பலகை வீட்டில் இருக்கும் என் தங்கை ரோசம்மாவையும் பிள்ளைகளையும் ஆறு கொண்டுபோவதற்குள் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும்.

ரயிலில் எதிரே இருந்தவர் ஹட்டனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி. நான் போகிற இடத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ஆத்தோரத்துக்கா சேர்? ரெண்டு வருசத்துக்கு முந்தி ரெண்டு வீட்டத் தண்ணி அள்ளிட்டுப் போச்சே! இப்ப மூங்கில் நட்டு வச்சிருக்காங்க. எங்க கடைச் சாக்கு பூரா அங்கதான் கெடக்கு."

"மூங்கில் தாங்குமா?"

"இந்த மழையில தெரிஞ்சிரும்."

ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷர். தலவாக்கலை, கொட்டகலை எல்லாம் தாண்டும்வரை ஜன்னலில் வழிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர நடை. தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வேலை இழந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வந்தவர்கள் போட்டுக்கொண்ட வீடுகள். முப்பது இருக்கும். கரையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூங்கில் இருந்தது, முள்முருங்கையும் இருந்தது. ஆனால் இடையில் மானாப்புல்லும் கண்ட களையும் இடுப்பளவு மண்டிக் கிடந்தன. தோட்டத்தில் பிறந்த கண்ணுக்கு இதைவிட அசிங்கம் கிடையாது.

"என்ன புள்ள, களை எடுக்க ஒரு சுரண்டிகூடவா இல்ல இங்க?" என்று தங்கையிடம் கேட்டேன்.

பக்கத்து வீட்டு லெட்சுமியக்கா உரக்கச் சிரித்தார். கரையில் மூங்கில் நடுவதை முன்நின்று நடத்துகிறவர் அவர்தான்.

"சுரண்டித்தான் சேர் கெட்டோம். மொதத் தடவ நட்டப்ப, தோட்டத்துப் பழக்கம் விடுமா? வாராவாரம் புல்லச் சுரண்டி மண்ணு தெரிய வச்சிருந்தோம். ரோட்டுல போறவங்க நின்னு பாத்தாங்க. மழ வந்துச்சு. கன்னு, மண்ணு, ரெண்டு வீடு, எல்லாத்தையும் ஒண்ணாத் தூக்கிட்டுப் போயிருச்சு."

மழை விட்ட மறுவாரமே திரும்ப நட்டிருக்கிறார்கள். ஞாயிறு காலையில் தகர டின்னைத் தட்டி, தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டைப் போலவே ஆள் சேர்த்து, வீட்டுக்கு ஒரு நிரை என்று கரையைப் பிரித்துக்கொண்டு, மூங்கில் கணுக்களைச் சாய்த்து ஊன்றி, அடியில் மண் சாக்குகளை அடுக்கியிருக்கிறார்கள். இந்தத் தடவை சட்டம் ஒன்றே ஒன்று. கரையில் சுரண்டி பிடித்தவருக்கு அரைப்பேர். தோட்டத்தில் அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம்; இங்கே, அடுத்த ஞாயிறு தனி ஆளாகச் சாக்குச் சுமக்க வேண்டும். போன வருஷம் மழை பேருக்குப் பெய்துவிட்டுப் போனதால் கரைக்கு இதுதான் முதல் சோதனை.

"ரோசம்மா, சாமானக் கட்டு. என்ன நடக்குதுன்னு தூரத்துல இருந்து பாத்துக்கலாம்."

"என் கையால ஊனுன மூங்கில்ண்ணே. என் நிரைய விட்டுட்டு வரமாட்டேன்."

பிள்ளைகளை மட்டும் மேட்டிலிருக்கும் மாதா கோயிலுக்கு அனுப்பச் சம்மதித்தாள். எனக்கு வந்த கோபத்தில் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு ஆறு ஏறியது. பால் தேத்தண்ணி நிறத்தில் இரைந்துகொண்டு வந்தது. வீட்டுக்கு ஒருவர் தங்கள் நிரைக்கு மேலே போய் நின்றார்கள். வேறு வழியில்லாமல் நானும் ரோசம்மாவோடு நின்றேன். வேரோடு பிடுங்கிய ஒரு பெரிய மரம் மிதந்து வந்து அவளுடைய மூங்கில் மேலேயே மோதியது. மூங்கில் தலை தண்ணீருக்குள் போனது. புல் அப்படியே படுத்துக்கொண்டது. கால் அடியில் மண் அதிர்ந்ததும் நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. மூங்கிலும் குனிந்ததே தவிர முறியவில்லை. மரம் ஒரு சுற்றுச் சுற்றி நடு ஆற்றுக்குப் போய்விட்டது. அதே நேரம் எதிர்க்கரையில் பெருஞ்சத்தம். அங்கே புல் பூண்டு இல்லாமல் சுரண்டி வைத்திருந்த தேயிலை மூலை ஒன்று, செடிகளோடு ஆற்றில் இறங்கியது.

"பாத்தீங்களா சேர் அந்தச் சுத்தத்த?" என்று லெட்சுமியக்கா கத்தினார்.

நான்கு மணிக்குத் தண்ணீர் வடியத் தொடங்கியது. முப்பது வீடும் நின்றன. லெட்சுமியக்கா டின்னை எடுத்துத் தேர்த்திருவிழாவுக்குத் தட்டுவதுபோல் தட்ட, சேலையும் சாரமும் சேறாக அத்தனை பேரும் மழையிலேயே ஆடினார்கள். நானும் ஆடினேன். என் பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லிவிட வேண்டாம். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ரோசம்மா ஸ்டேஷன்வரை வரவில்லை. கரையில் வேலை இருந்தது. வாசலில் நின்றே சொன்னாள்: "அடுத்த தரம் எங்களக் கூட்டிட்டுப் போக வராதீங்கண்ணே. அண்ணியோட வந்து நாலு நாள் இருந்துட்டுப் போங்க."

உடப்புசல்லாவையில் இறங்கியபோது வானம் வெளுத்திருந்தது. எனக்கு அரசாங்கம் கொடுத்த கருங்கல் குவாட்டர்ஸ் இருக்கிறது. மாற்றல் கடிதம் வந்தால் அடுத்த வாரமே அதை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். என் தங்கையை அவளுடைய பலகை வீட்டிலிருந்து ஓர் ஆற்றாலேயே கிளப்ப முடியவில்லை.