பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிலையப் பெயர்

1. செல்வமணியின் போன்

ஏழுகுன்று வானொலியில் நிலையப் பெயர் சொல்வதை நிறுத்திய மூன்றாவது நாள், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் செல்வமணி எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணே, ஸ்டேஷன வித்துட்டீங்களா?"

"இல்லம்மா. ஏன்?"

"பின்ன என்ன, பேரையே காணோம்? பாட்டு மேல பாட்டா ஓடுது. நான் எப்ப வாளியத் தூக்குறது?"

நான் கேகாலைப் பக்கம் ஒரு குன்றின் மேலிருக்கும் சிறிய எப்.எம். நிலையத்தில் ஒப்பரேட்டர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினாறு வருடம் ரப்பர் பால் வெட்டினேன். தோள்பட்டை கெட்டுப் போன பிறகு இந்த வேலை கிடைத்தது. ஜெனரேட்டர் போடுவது, டிரான்ஸ்மிட்டரின் சூட்டைப் பார்ப்பது, கம்ப்யூட்டரில் பாட்டு வரிசையை ஓட்டுவது என் பொறுப்பு. மைக் பக்கம் போகமாட்டேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பால் வெட்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியும்போது மரத்தின் பட்டையை வெட்டிவிட்டால் பால் கீழே கட்டிய சிரட்டையில் சொட்டிக்கொண்டே இருக்கும். முந்தி எடுத்தால் பால் குறையும். பிந்தினால் சிரட்டையிலேயே உறைந்து கட்டியாகிவிடும். ஆகவே நேரம் தெரிய வேண்டும். ஆனால் கையெல்லாம் பால் ஒட்டியிருக்கும்போது போனைத் தொட முடியாது. அதை ஷொப்பிங் பையில் சுற்றி ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, சின்ன ரேடியோவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள்.

எங்கள் நிலையத்தில் கால் மணிக்கு ஒரு தடவை "இது ஏழுகுன்று வானொலி" என்று வரும். ஒன்பது மணிச் செய்திக்குப் பிறகு அது ஆறாவது தடவை கேட்டால் பத்தரை. பால் எடுக்கத் தொடங்கலாம். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. பால் வெட்டிய காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணினேன்.

செல்வமணி இரண்டு நாள் பாலைக் கட்டியாகக் கொண்டுபோயிருக்கிறார். பாலை நிறுத்து எழுதும் கணக்கப்பிள்ளை, "சரி, இன்னும் ரெண்டு நாள் பாப்பேன். சரிவரலன்னா மரத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன். நீங்க புல்லு வெட்டப் போங்க" என்றாராம்.

"பதினோரு வருஷமா நான் வெட்டுற மரம்ணே" என்றார் செல்வமணி. "ஒரு மரத்துலகூட கத்தி ஆழமா பட்டதில்ல. போயும் போயும் ரேடியோவால போகணுமா?"

2. மணிச் சத்தம்

எங்கள் முகாமையாளர் கொழும்பிலிருந்து புதிதாக வந்தவர். கெட்டவர் இல்லை. நான் கதவோரம் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"முத்தையா, இந்தக் காலத்துல யாரு ஸ்டேஷன் பேரக் கேக்குறா? கார்ல ஸ்க்ரீன்ல வருது. போன்ல படத்தோட வருது. நாம பேரு சொல்ற அந்த அஞ்சு செக்கன்ல ஆளு வேற ஸ்டேஷனுக்குப் போயிடுறான்."

"தோட்டத்துல சேர்..."

"அவங்களுக்கு நேரம்தானே வேணும்? ஒரு மணிச் சத்தத்தப் போடுங்க. முடிஞ்சுது."

அந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். மணி போதாது என்று எனக்குத் தெரியும். பள்ளத்துக்குள் இறங்கினால் ரேடியோவின் முள் அசையாது, ஆனால் நிலையம் மாறும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஒரு மரத்தடியில் எங்கள் நிலையம் கேட்கும், அடுத்த மரத்தடியில் வேறொன்று. மணிச் சத்தம் எல்லா நிலையத்திலும் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்தும் "சரி சேர்" என்று தலையாட்டிவிட்டு வந்து மணியைப் போட்டேன்.

மறுநாள் மதியம் போன் வந்தது.

"அண்ணே, யாரு வீட்டு மணியண்ணே அடிச்சீங்க? நான் ஆறு எண்ணித் தூக்குனேன். பாதி சிரட்டகூட நிறையல. அதுல ரெண்டு மணி சிங்கள ஸ்டேஷன் மணியாம், பக்கத்து மரத்துக் குசுமா சொல்லிச் சிரிக்கிறா."

"கணக்கப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"நாளைக்கு ஒரு நாள்தான்னுட்டாரு."

3. பள்ளத்துக்குள்

போனை வைத்ததும் என் ரேடியோவை எடுத்துக்கொண்டு முகாமையாளர் அறைக்குப் போனேன். இந்தத் தடவை கதவோரம் நிற்கவில்லை.

"சேர், கீழ ஒரு தடவ வரணும். கால் மணி நேரம் போதும்."

"எதுக்கு?"

"வந்தா தெரியும் சேர்."

பளபளவென்ற சப்பாத்தோடு வந்தார். நிலையத்துக்குக் கீழே ரப்பர் மரங்கள் நிற்கும் பள்ளத்துக்கு அழைத்துப் போய், ரேடியோவை அவர் கழுத்தில் மாட்டி, மரம் மரமாக நடக்கச் சொன்னேன். பாட்டு வந்தது. இரைச்சல் வந்தது. இன்னொரு பாட்டு வந்தது.

"இப்ப ஓடுறது யாரு சேர்?"

"நம்மதான். பாட்டக் கேட்டாலே தெரியுதே."

"அதே பாட்டத்தானே சேர் எல்லாரும் போடுறாங்க."

நின்று கவனித்தார். பாட்டு முடிந்ததும் ஒரு ஆள் சிங்களத்தில் டயர் விளம்பரம் சொன்னார். முகாமையாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரிப்பா, பேரப் போடுவோம். ஆனா பழைய ரெக்கோடிங்க அழிச்சாச்சு. புதுசு கொழும்புல இருந்து வர ஒரு கிழமையாகும்."

"நாளைக்கு வேணும் சேர்."

"அறிவிப்பாளர் பின்னேரம்தானே வர்றாங்க. காலையில யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகு வாபஸ் வாங்கவில்லை.

4. ஆறு தடவை

மறுநாள் காலை மழை இல்லை. ஒன்பது மணிச் செய்தி முடிந்தது. ஒன்பதே காலுக்குப் பாட்டைத் தணித்து மைக்கைத் திறந்தேன். மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "இது ஏழுகுன்று வானொலி" என்றேன். குரல் நடுங்கியது. ஒன்பதரைக்கும் நடுங்கியது. நடுங்கினாலும் சரி, நேரம் தவறக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பத்தரைக்கு ஆறாவது தடவை சொல்லிவிட்டு மைக்கை மூடியபோது சட்டை நனைந்திருந்தது.

பன்னிரண்டு தாண்டித்தான் செல்வமணி போன் எடுத்தார்.

"பால் உறையாம தண்ணியா இருந்துச்சுண்ணே, வாளி நிறைய. கணக்கப்பிள்ளை எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு."

"அப்ப மரம்?"

"எங்கிட்டதான். நாளைக்கும் வெட்டச் சொல்லிட்டாரு. ஆமா, நீங்க என்ன, கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி பேரச் சொல்றீங்க? குசுமா பயந்துட்டா."

இந்த வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். நிலையப் பெயர் இனித் தேவையா என்று கேட்பவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள். கையில் பாலோடு நிற்பவருக்குக் காது மட்டும்தான் உண்டு. அவருக்காகப் பெயரைச் சொல்லுங்கள். மற்றது, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் மேலிடத்துக்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். நான் ஒரு தடவை ஆட்டினேன். அதனால் வேலை போகப் பார்த்தது எனக்கல்ல, செல்வமணிக்கு.