றெக்கைப் பத்தி அட்டைகள்

அம்மா வாங்கும் ஊதுபத்திக்கு எங்கள் வீட்டில் றெக்கைப் பத்தி என்று பெயர். கம்பெனிக்காரன் வைத்த பெயர் வேறு என்னவோ. அட்டையில் இடுப்புக்கு மேலே பெண், கீழே மீன், முதுகில் தங்க றெக்கை, சுற்றிலும் ஜிகினா நட்சத்திரம். தேரடித் தெருவில் இதைவிட மலிவான பத்தி கிடையாது. ஏற்றினால் கொஞ்ச நேரம் ரோஜா, அப்புறம் அட்டை கருகுகிற நாற்றம்தான்.

பத்தி தீர்ந்தாலும் அட்டையைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசு வராது. சாமி படத்தை யாராவது குப்பையில் போடுவார்களா? குங்குமப் பொட்டு வைத்துச் சாமி மாடத்தில் அடுக்கிவிடுவாள். அது சாமியே இல்லை, எவனோ வரைந்த பொம்மை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "றெக்கை இருக்குதே, சாமி இல்லாம பின்ன என்னவாம்?" என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எழுபதுகளின் கடைசி அது. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு அரசாங்க வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். இன்டர்வியூ கார்டு வராவிட்டால் என்னை அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்துவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சோறு இறங்காது, யார் பேசினாலும் எரிந்து விழுவேன். தபால்காரரின் சைக்கிளைத் தெருமுனையிலேயே மறிப்பேன். ஜாஸ்தி தொந்தரவு பண்ணுகிறேன் என்று அவரே சலித்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா தூரமாகித் தோட்டத்துப் பக்கம் ஒதுங்கியிருந்ததால், மாடம் துடைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அட்டைகளுக்கு நடுவே ஒரு பழுப்புக் கவர். அதில் அரசாங்கத்தின் கோபுர முத்திரை, கோபுரத்தின் உச்சியில் குங்குமம். பிரிக்கவே இல்லை. அங்கேயே நின்று கிழித்தேன். இன்டர்வியூ முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அறிவிருக்கிறதா, கண் அவிந்தா போயிற்று என்று பெற்றவளைப் பார்த்துக் கேட்டேன். நான் கீழ்பென்னாத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று வந்ததாம். கோபுரம் போட்டிருந்ததால் ஏதோ கோயிலிலிருந்து பிரசாதம் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாளாம். பிரசாதம் என்றால் பிரிக்காமலா வைப்பார்கள் என்று விடாமல் பிடித்தேன்.

துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உனக்கு வேல கெடச்சதும் பிரிக்கிறேன்னு வேண்டிக்கிட்டு வெச்சேன்டி" என்றாள்.